ஒயர் சித்தரும் சிவப்புப் பட்டும்

குரும்பலூரில் அந்த வாரம் சாமிகளுக்கெல்லாம் ஓய்வு. கோயில் வாசலில் ஒரு செருப்பைக் காணோம். பூசாரி தூணில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஊர்ச் செருப்பெல்லாம் தங்கராசுவின் உரக்கடை வாசலில் குவிந்து கிடந்தது. உள்ளே யூரியா மூட்டைகளின் மேல் ஏறி ஒயர் சித்தர் அமர்ந்திருந்தார்.

இடுப்பில் காவி, கழுத்தில் ருத்திராட்ச மாலை. மாலையில் பதக்கம் தொங்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் ஒயரின் பிளாஸ்டிக் முனை ஒன்று தொங்கியது. தலைக்கு மேல் கயிறு கட்டி, பூக்கடையில் மாலை தொங்குவது போலக் கலர் கலராகக் கேபிள்கள் தொங்கின. மேஷ ராசிக்குச் சிவப்பு, ரிஷபத்துக்கு வெள்ளை, மிதுனத்துக்குப் பச்சை. கன்னி ராசிக்காரர்களை மட்டும் அடுத்த லோடு வரும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார். கிரகங்களும் லாரியில்தான் வர வேண்டியிருந்தது, பாவம்.

"ராசி பாக்காம கேபிள் மாட்டலாமா? சிம்ம ராசிக்காரன் வூட்டுல நீலக் கேபிள மாட்டுனா நெட்டு எங்கேருந்து வரும்? சனிதான் வருவாரு!" என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஊருக்கு பிராட்பேண்ட் வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாங்கிய வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூட்டத்தை எண்ண முடியாது. பாடாலூரிலிருந்து வந்தவருக்கு போர் மோட்டார் ஓடவில்லை. அதிலும் ஒயர் இருக்கிறதே என்று வந்துவிட்டார். வேறொருவர் மகளுக்கு வரன் தள்ளிப் போகிறதாம். வரதராஜன்பேட்டை ராசாங்கம் தன் வீட்டு மோடத்தைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, பஸ் மாறிப் பஸ் மாறி ஏந்தி வந்திருந்தார். வழியில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்டதில் பெரிய சண்டையாம்.

சித்தர் காசைக் கையால் தொடமாட்டார். அந்தப் பக்கத்தில் நன்றாக விளையும் சின்ன வெங்காயத்தை மூட்டையாகக் கொடுத்தால் மட்டும் மறுக்க மாட்டார்.

இத்தனைக்கும் காரணம் ஆயுத பூஜை. கலப்பை, அரிவாள், சைக்கிள், கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கிற ஊர், புதிதாக வந்த மோடத்தை மட்டும் விட்டுவிடுமா? எல்லா வீட்டிலும் ஒயர்களைப் பிடுங்கினார்கள். ஈரத்துணியால் துடைத்தார்கள். முன்னாலும் பின்னாலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினார்கள். பிறகு எந்த ஒயர் எந்தத் துளையில் நுழைந்ததோ அதில் செருகினார்கள். அன்று மாலையே ஊரில் ஒரு வீட்டிலும் நெட் இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போன லைன்மேன் திங்கட்கிழமைதான் வருவார். அந்த இடைவெளியில்தான் சித்தர் அவதரித்தார். முதலில் தங்கராசு வீட்டு மோடத்தின் மேல் ஒரு சிவப்புப் பட்டைப் போர்த்தி, அடியில் கைவிட்டு மந்திரம் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. உரக்கடை ஆசிரமமாகிவிட்டது.

இந்தக் கூட்டத்தின் ஓரத்தில், இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு இலக்கியா நின்றுகொண்டிருந்தாள். அவளாக வரவில்லை. மாமியார் பெரியம்மாள் இழுத்து வந்திருந்தாள்.

இலக்கியாவின் கணவன் அருள்முருகன் குவைத்தில் இருந்தான். மனைவி முழுகாமல் இருந்தபோது விமானம் ஏறியவன், மகளின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அவளைப் பார்ப்பதற்காகவே வீட்டில் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வாங்க வைத்தான். ஊருக்கு வந்த ஒருவரிடம் வெப் கேமராவும் கொடுத்தனுப்பினான். கண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டி பல்பு வைத்த கேமரா. வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் நண்பனின் அறையிலிருந்து நெட்டில் வருவான். மறுநாள் அவனைப் பாலைவனத்துக்குள் ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நெட் கிடையாது. திரும்ப ஒரு வருடம் ஆகும். வெள்ளிக்கிழமையை விட்டால் மகள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அப்பா அவளைப் பார்க்க முடியும்.

சித்தர் குழந்தையை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொடி சுத்திப் பொறந்த புள்ளையா?"

பெரியம்மாள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "ஆமாங்க சாமி! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

எப்படி? காலையில் வெங்காய மூட்டையைக் கொண்டுவந்து இறக்கியபோது அவளே தங்கராசுவிடம் சொன்னதுதான்.

"தொப்புள்கொடி கழுத்த சுத்துனா, அதே தோஷம் கேபிளையும் சுத்தும் தாயி. அதான் நெட்டு வரல."

"கொடி சுத்துனா தாய்மாமனுக்குத்தானே ஆகாதும்பாங்க?" என்றாள் இலக்கியா.

"அது கேபிள் வராத காலத்துல. கேபிள் வந்ததுக்கப்புறம் தோஷம் தகப்பனுக்கு மாறிடுச்சு!"

கூட்டம் 'ஆகா' என்றது. ஜாதகத்தில்கூட இப்படி இடமாற்றம் கொடுக்கிறார்கள் என்று இலக்கியாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீர்ப்பும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கே வந்து பூஜை செய்து நெட்டைக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் ஒரு மண்டலம் முடியும்வரை தகப்பன் குழந்தை முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தகப்பன் உயிருக்கு ஆபத்து. பூஜை முடிந்ததும் குழந்தை இடுப்பிலிருக்கும் வெள்ளி அரைஞாணைக் கழற்றி, மண்டலம் முடியும்வரை சித்தரிடம் கொடுத்துவைக்க வேண்டும். தோஷத்தை அவரே இடுப்பில் கட்டிச் சுமப்பாராம்.

வீடு திரும்பியதும் இலக்கியா வெடித்தாள். "ஒரு மண்டலம் கழிச்சு உங்க புள்ள எங்க இருப்பாரு அத்தை? பாலைவனத்துல! ஒட்டகத்துக்கிட்டயா புள்ள முகத்தக் காட்டச் சொல்றீங்க?"

"எனக்கு மட்டும் ஆசையில்லையாடி? உசுருன்னு சொல்றாரே, அப்புறம் எப்படி?" என்று பெரியம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

அழுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? இலக்கியா மோடத்தின் முன் போய் உட்கார்ந்தாள். எல்லா ஒயரும் ஏதோ ஒரு துளையில்தான் இருந்தது. எதுவும் கழன்று தொங்கவில்லை. தங்கராசு வீட்டில் சித்தர் பட்டைப் போர்த்தியதை அவளும் பார்த்திருந்தாள். ஒயர் மாட்ட எதற்குப் போர்வை? அதற்கென்ன குளிருகிறதா?

வெள்ளிக்கிழமை காலை சித்தர் வந்தார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. ராசாங்கமும் தாம்பாளத்தை இறக்காமல் வந்திருந்தார். மோடத்தை மேஜையிலிருந்து இறக்கிக் கோலத்தின் மேல் மணையில் வைக்கச் சொன்னார் சித்தர். கம்ப்யூட்டர் மேஜைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். பெட்டியோடு வந்த கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, குழந்தையின் ராசிக்கு ஏற்ற சிவப்புக் கேபிளை வைத்தார்.

"சாமி, எதுக்குங்க பட்டு போத்துறது?" என்று பணிவாகக் கேட்டாள் இலக்கியா.

"மனுசக் கண்ணு படக்கூடாது தாயி. பட்டா சக்தி ஓடிடும்."

"மனுசக் கண்ணு மட்டும்தானா?"

"மனுசக் கண்ணு மட்டும்தான்."

"எல்லாரும் கேட்டுக்கங்க, சாமி வாயாலயே சொல்லிட்டாரு," என்றவள் கம்ப்யூட்டரில் செருகியிருந்த வெப் கேமராவுக்கு ஒரு முழம் பூச்சுற்றி, மணையில் மோடத்துக்குப் பின்னால், அதன் துளைகளைப் பார்க்க வைத்தாள். "இதுவும் புதுசுங்க. இதுக்கும் சேர்த்துப் பூஜை போட்ருங்க."

"தாராளமா!" என்று சித்தர் அதற்கும் திருநீறு தூவினார்.

கேமராவின் படம் கம்ப்யூட்டரில் தெரிய நெட் தேவையில்லை. கல்யாணத்துக்கு முன் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கிளாஸ் போன இலக்கியாவுக்கு அது தெரியும். எந்த ராசிபலனிலும் எழுதாததால் சித்தருக்குத் தெரியவில்லை. அவர் மோடத்தையும் கேமராவையும் சேர்த்துப் பட்டால் போர்த்தி, கண்ணை மூடி, இரண்டு கையையும் உள்ளே விட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திரையில், பல்பு வெளிச்சத்தில், பத்து விரலும் பளிச்சென்று தெரிந்தன.

"ஓம்... ராகு வெளியேறுகிறார்!" என்று சித்தர் உறுமினார். திரையில் இரண்டு விரல்கள் மெல்லிய போன் ஒயரைப் பெரிய துளையிலிருந்து பிடுங்கின.

"தோஷம் கழிகிறது!" திரையில் ஒரு பல்குத்தும் குச்சி சின்னத் துளைக்குள் அடைந்திருந்த சந்தனத்தை நோண்டி எடுத்தது.

"கேது குடியேறுகிறார்!" போன் ஒயர் சின்னத் துளைக்குள் போய் 'டக்'கென்று உட்கார்ந்தது.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு வாசல்வரை பரவியது. பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறது என்று சித்தர் இன்னும் உரக்க மந்திரம் சொன்னார். பிறகு பட்டை உருவினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா!" என்று உட்கார்ந்தபடியே திரும்பியவருக்கு எதிரே, திரை முழுக்க ஒரு வெற்று முதுகும் அதற்கு மேல் ஒரு பிடரியும் தெரிந்தன. பிடரியைத் தடவிப் பார்த்தார். திரையிலும் ஒரு கை பிடரியைத் தடவியது. பதறிக் கேமரா பக்கம் திரும்பினார். இப்போது திரை முழுக்க அவருடைய முகம்.

அவ்வளவு பெரிதாக அந்த முகத்தைப் பார்த்ததும் ராசாங்கம் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "அட! எங்கூர்ல டிவி கேபிளுக்குக் கம்பம் ஏறுன அரியமுத்துல்ல இது? எப்படா சித்தரான?"

"சக்தி இல்லாம வெளக்கு எரியுமா? கேபிள் என் மந்திரக் கேபிள்!" என்று அரியமுத்து கத்தினான்.

"அதையும் பாத்துருவோம்," என்றாள் இலக்கியா. கரண்ட் ஒயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மோடத்திலிருந்து உருவிப் போட்டாள். சிவப்புக் கேபிளை அரியமுத்துவின் தோளிலேயே மாலையாகப் போட்டாள். "அத்தை, நீங்க வாங்க. ஒல்லி ஒயரு போன்லேருந்து வருது, சின்ன ஓட்டையில மாட்டுங்க. தடி ஒயரு கம்ப்யூட்டருக்குப் போவுது, பெரிய ஓட்டையில மாட்டுங்க."

"மந்திரம்?"

"வேணும்னா ரேடியோவுல கேட்ட பாட்டு எதையாச்சும் பாடிக்கங்க."

பெரியம்மாள் பாடவில்லை. பயந்து பயந்து, பெட்டியோடு வந்த பழைய கேபிளையே மாட்டினாள். விளக்கு சிமிட்டியது. பிறகு நின்று எரிந்தது. கொடி சுற்றிப் பிறந்த குழந்தையும் அதே வீட்டில்தான், ராகுவும் கேதுவும் அங்கேயேதான், ஆனாலும் எரிந்தது. பெரியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அரியமுத்துவிடம் திரும்பி, "எம் புள்ள எம் பேத்தியப் பாக்கக் கூடாதுன்னியேடா, படுபாவி!" என்று விளக்குமாற்றைத் தேடினாள். அவள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான். சிவப்புப் பட்டு மட்டும் கோலத்தின் மேல் கிடந்தது. அரைஞாண் குழந்தை இடுப்பிலேயே இருந்தது.

மத்தியானம் அருள்முருகன் திரையில் வந்தான். படம் விட்டு விட்டு வந்தது. இலக்கியா குழந்தையைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவன் திரையைத் தொடுவது போலக் கையை நீட்டினான். பெரியம்மாள் பொல பொலவென்று அழுதாள். "மூக்கு ஒன் மூக்குடா, பாத்தியா?" என்றாள். இலக்கியாவும் அழுதாள்.

"பின்னாடி என்ன இவ்ளோ கூட்டம்?" என்றான் அருள்முருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கராசு வந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், பெரிய பூசணிக்காய். உரக்கடையில் இடம் காலியாகிவிட்டதே என்ற கவலை முகத்தில் தெரிந்தது.

"உண்மையக் காட்டிக் குடுத்த சாமிம்மா இந்தக் கேமரா! மொதல்ல ஒரு பொட்டு வெச்சுருவோம். அப்புறம் எங்கடையிலயே ஒரு பீடம் போட்டு..."

கூட்டத்தில் பலர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தார்கள்.

இலக்கியா கேமராவின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "பொட்டு வச்சீங்கன்னா எம் புருஷன் மறுபடியும் இருட்டுலதான் இருக்கணும். ஆயுத பூஜைன்னா வூட்ல இருக்குற அத்தனையும் எடுத்துத் தொடைக்கிறீங்களே, கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே அண்ணே, அடுத்த வருஷம் அதையும் எறக்கித் தொடைச்சு, ஒரு தடவ ஓட்டிப் பாருங்க!"