உறைபனிக்கு விண்ணப்பித்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில், மலையின் உச்சிப் பக்கம், மாதி என்றொரு முள்ளம்பன்றி உருளைக்கிழங்கு பயிரிட்டு வந்தாள். மற்ற முள்ளம்பன்றிகள் திருடித் தின்பதை இவள் விதைத்துத் தின்றாள். அதனால் உறவினர்களிடம் அவளுக்கு மரியாதை இல்லை.

அந்த மார்கழியில் மண்ணைக் கிளறினால் கிழங்குக்குக் கிழங்கு ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தது. இலைமேல் உட்கார்ந்திருந்த அந்துப்பூச்சி, "நம்ம பிள்ளைதாங்க," என்றது.

"நீங்கல்லாம் கீழ்நாட்டு ஆளுங்களாச்சே, இங்க எப்படி?"

"எங்க முப்பாட்டன் ஒருதடவை ஏறி வந்தாரு. ஒரே பனியில விறைச்சுப் போயிட்டாரு. இப்பத்தான் பனியே இல்லையே அக்கா! முன்னெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தலைமுறை பார்த்தாலே பெரிசு. இப்ப ஆறு. என் கொள்ளுப்பேத்தி கல்யாணமே உங்க வடக்குப் பாத்தியிலதான்."

மேட்டுப் பாத்தி ஒன்றுதான் தப்பியிருந்தது. அது சாப்பாட்டுக்கே காணாது. அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு இல்லாவிட்டால் மாதியும் திருடத்தான் போக வேண்டும். அவள் நிவாரண அலுவலகத்தில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றாள். அந்துப்பூச்சியும் கூடவே வந்தது.

குமாஸ்தா கருமந்தி படிவத்தைப் படித்தார். "சேதத்துக்குக் காரணம்? உறைபனி, வெள்ளம், யானை. எது?"

வரிசையில் பின்னால் நின்ற யானை பதறியது. "தாயி, நான் அந்தப் பக்கமே வரலை. என் பேரை இழுக்காதே."

"பூச்சிங்க," என்றாள் மாதி.

"இந்த உயரத்துல பூச்சி வாழாதும்மா. பட்டியல்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"உங்க மூக்குக்கண்ணாடி மேலயே உட்கார்ந்திருக்கே!"

கருமந்தி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "உட்கார்ந்திருக்கு. வாழ்றது வேற." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உறைபனின்னு எழுதும்மா. பச்சை இலைமேல வெள்ளையா பனி தெரியற மாதிரி, தேதியோட ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

பச்சை இலை மேட்டுப் பாத்தியில் மட்டும்தான் இருந்தது. மாதி மீன்கொத்தியின் மீன்கடைக்குப் போனாள்.

"ரெண்டு பெட்டி ஐஸ் தரேன். உப்புப் போட்டது. நாத்தம் போகாதே அக்கா?"

"போட்டோவுல நாத்தம் வராது தம்பி."

விடியற்காலையில் ஐஸை நொறுக்கிப் பாத்தி முழுக்கத் தூவினாள். படம் அருமையாக வந்தது. மத்தியானத்துக்குள் செடிகள் கருகிவிட்டன. நான்காம் நாள் மூன்று மூட்டை விதைக்கிழங்கு வந்தது.

செய்தி பரவியது. காட்டில் நாற்பது குடும்பங்கள் மீன்கொத்தியின் கடைக்கு ஓடின.

மாதி விதைத்தாள். பூச்சியும் தன் வேலையைப் பார்த்தது. பங்குனியில் மறுபடி எல்லாம் ஓட்டை. இம்முறை அவள் நேர்மையாகவே ஒரு மனு எழுதிப் போனாள்: படிவத்தில் 'பூச்சி' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், மருந்து சொல்ல ஆள் அனுப்ப வேண்டும்.

கருமந்தி சுவரைக் காட்டினார். நாற்பத்தொரு பனிப் படங்கள். நடுவில், சட்டம் போட்டு, மாதியின் படம்.

"ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க. இதையெல்லாம் பார்த்துட்டு, 'இவ்வளவு பனியில எந்தப் பூச்சி பிழைக்கும்'னு திரும்பிப் போயிட்டாங்க."

"அது... வந்துங்க... மீன்கடை ஐஸ்..."

"என்னது? அப்ப விதைக்கிழங்கைத் திருப்பிக் கொடு. நாற்பது வீட்டுக்காரங்களையும் வரச் சொல்லு."

மாதியின் முட்கள் படுத்துக்கொண்டன. "இல்லீங்க, பனிதான். கடும் பனி."

கருமந்தி அதை மனுவின் மேலேயே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அந்துப்பூச்சி ஆறு தலைமுறையையும் வடக்குப் பாத்திக்குக் கூப்பிட்டது. "பயப்படாம சாப்பிடுங்க கண்ணுங்களா. நாம இங்க இல்லையாம்."

நீதி: பருவம் மாறிவிட்டால் படிவத்தைத் தொடாதே, இரண்டு பெட்டி ஐஸ் வாங்கிப் பருவத்தைத் திருத்து.