காதுக்கொரு பெட்டி

மனைவி ஹாஜராவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, சத்தம்தான் வரவில்லை. இடியாப்பத்தை ஆணத்தில் தோய்த்தபடி ஷேக் அலாவுதீன் குத்துமதிப்பாக, "சரி சரி, செஞ்சுடலாம்" என்றார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காது போய்விட்டது என்று அலாவுதீன் முடிவு கட்டினார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவருடைய ஜவுளிக்கடையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டு வேலைக்காரி வள்ளியம்மாவின் குரலோ கடல் தாண்டிப் பிறை ஊர் வரைக்கும் கேட்கும். மனைவியின் மெல்லிய குரலைத்தான் கொஞ்ச காலமாகக் காணோம்.

அவள் ஓயாமல் பேசிய காலத்தில் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டவர்தான் இவர். இப்போது அவள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டரிடம் போகலாம். ஆனால் முதலாளிக்குக் காது மந்தம் என்று தெரிந்தால், எதிர்க்கடைக்காரன் முகத்துக்கு நேரே நின்று திட்டுவான். ஆகவே பீச் ஸ்ட்ரீட்டில் சீமைச் சாமான் விற்கும் யூசுப்பிடம் போனார்.

"டாக்டர் சீட்டு இருக்கா அண்ணே?"

"என் காது எனக்குத் தெரியாதா? எடுத்துக் கொடு லா."

யூசுப் ஊமத்தம்பூ போல ஒரு பித்தளைக் குழலைக் கொடுத்தான். அன்று மாலையே அதைக் காதில் செருகிக்கொண்டு, ஹாஜராவின் வாயருகே குனிந்தார். அவள் மிரண்டுபோனாள். உதடுகள் இன்னும் வேகமாக அசைந்தன. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதுதான் கேட்டது.

"என்ன சொன்னே?"

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். செவிடன் மனம் நோகக்கூடாதென்று நினைக்கிறாள் போலும் என்று அவர் குழலை மெல்லக் கழற்றினார்.

மறுபடியும் யூசுப்.

"பேட்டரி வெச்ச பெட்டி ஒண்ணு வந்திருக்கு அண்ணே. ஆனா சீட்டு இல்லாம..."

"கொடுப்பா."

பெட்டியைக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். பட்டு பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் அது கீச்சென்று அலறியது. அவர்கள் செருப்பை மறந்துவிட்டு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

வீட்டில் பெட்டியை ஹாஜராவின் முன் நீட்டியபோது வள்ளியம்மா உலைமூடியைக் கீழே போட்டாள். தலைக்குள் இடி இறங்கியது. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் கைக்கடிகாரத்தை அருகிலும் தள்ளியும் பிடித்துச் சோதித்தார்.

"காது நல்லாத்தான் இருக்கு. இந்தப் பெட்டியைக் கழட்டலேன்னாதான் கெட்டுப்போகும்."

அலாவுதீன் குழம்பிப்போய் வீடு திரும்பினார். வாசல் கூட்டிக்கொண்டிருந்த வள்ளியம்மாவை மெல்ல அழைத்தார்.

"அம்மா பேசுறது உனக்காவது கேக்குதா?"

வள்ளியம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவளுக்குக்கூடத் தணிந்த குரல் ஒன்று இருந்தது.

"அம்மா உங்ககிட்ட பேசுறதை நிறுத்தித்தான் ரொம்ப நாளாச்சே மொதலாளி. புக்கிட் மெர்தாஜாம்ல தங்கச்சிக்கு ஒடம்பு முடியல, ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டாங்க. இப்பல்லாம் வாய்க்குள்ளேயே அல்லாகிட்டதான் சொல்லிட்டு இருக்காங்க."