மார்ட்டின் வீட்டாருக்கு நான் தேடிக் கொடுத்த பூட்டன்

மொன்றியல்

பேரன்புக்குரிய அக்கா இலட்சுமிப்பிள்ளை அவர்களுக்கு,

தம்பி சண்முகலிங்கம் பணிவுடன் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, முகத்தைத்தான் வெளியில் காட்ட முடியவில்லை. உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்க நல்லூரானை வேண்டுகிறேன். மகள் துவாரகாவின் கலியாணத்துக்கு வர எடுத்த பிளேன் ரிக்கெற்றை மாற்றலாமோ என்று ஒருக்கால் விசாரித்து வையுங்கள். கலியாணம் நடக்குமோ தெரியாது. குழப்பினவன் நான். போனில் சொல்ல நா எழவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் பிரையன் மார்ட்டின் இங்கே இல்-பிசார் என்ற இடத்தில் இருக்கிறார், தங்கமான மனுசன். அவருடைய முன்னோர் ஜோன் மார்ட்டின் என்பவர் அயர்லாந்தில் ஒரு பட்டிக்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவராம், அவரைப் பெற்றது யாரென்று தெரியவில்லையே என்று ஒரு நாள் கவலைப்பட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பென்சன் எடுத்தவனுக்குப் பொழுது போக வேண்டாமா? "நான் தேடித் தாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஊரின் பழைய காணிப் பதிவும் ஞானஸ்நானப் பதிவும் இப்போது கம்ப்யூட்டரிலேயே கிடக்கின்றன. திறந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒரு மார்ட்டின்! தோமஸ் மார்ட்டின், பற்றிக் மார்ட்டின், மைக்கல் மார்ட்டின். அக்கா, நான் என்னத்தை நினைப்பேன்? எங்கட ஐயா கந்தையா, அதனால் நான் இங்கே சண்முகலிங்கம் கந்தையா. வேலிக்கு அங்கால் இருந்த சிவராசாவின் தகப்பனும் ஒரு கந்தையா, அதனால் அவன் சிவராசா கந்தையா. அதுக்காக அவன் எங்களுக்குச் சொந்தமே? வேலியை அரக்கி அரக்கி எங்கட மாமரத்தையே விழுங்கின குடும்பம். அவனும் இப்போது மொன்றியலில், லாசால் பக்கம்தான் இருக்கிறான், கண்டால் இன்றைக்கும் றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால் போகிறேன். இவர்களும் அப்படித்தான், வேறு வேறு மார்ட்டின்களின் பிள்ளைகள் என்று அவ்வளவு பேரையும் தள்ளிவிட்டு, மார்ட்டின் என்று சொந்தப் பெயர் வைத்த ஆளைத் தேடினேன். ஒருத்தன்தான் அகப்பட்டான், மார்ட்டின் குவின். தகப்பன் மார்ட்டின் என்றால் மகன் ஜோன் மார்ட்டின்தானே? அவனுடைய தகப்பன் பெயர் குவினாகத்தான் இருக்கும் என்று அதையும் சேர்த்துப் போட்டேன்.

நிச்சயதார்த்தத்தில் கேக் வெட்ட முன்னம் மைக்கை வாங்கி, ஆளுயரத்துக்கு அடிப்பித்த வம்சாவளிப் பனரை விரித்தேன். உச்சியில் குவின், அதுக்குக் கீழே கொட்டை எழுத்தில் மகன் மார்ட்டின் குவின். எங்கட ஆக்கள் கைதட்டினார்கள். அவர்கள் பக்கம் செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி சிவந்து போய் எழும்பி, "இந்தக் குவின்தான் காணித் துரையிட்டக் கோள் சொல்லி எங்கட குடும்பத்தை மழைக்குள்ள துரத்தினவன். எங்கட வீட்டில நாய்க்குக்கூட அந்தப் பேர் வைக்க மாட்டம்!" என்று இங்கிலிசில் கத்தினார்.

"அப்பா, மார்ட்டின் எண்டுறது பரம்பரைப் பேர். தகப்பன்ர பேர் இல்லை. இவ்வளவு வருசம் இங்க இருந்து இதுகூடத் தெரியாதே?" என்று பிள்ளை அழுதாள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கினவன், உலகத்துப் பெயரெல்லாம் என் கையால் போனது என்று மேசைக்கு மேசை புழுகித் திரிந்தவன் நான். வெட்கத்தில் செத்துப்போனேன் அக்கா. வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதைதான். அன்று மாப்பிள்ளை வீட்டாரோடு காரில் ஏறிப் போனவள் இன்னும் என் போனை எடுக்கிறாள் இல்லை. மனுசி சோறு போடுகிறாள், முகம் பார்க்கிறாள் இல்லை. பிள்ளை ஒருக்கால் "அப்பா" என்று கூப்பிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

இனிச் செத்த ஆக்களின் பெயரைத் தொடுவதில்லை, நல்லூரான்மேல் ஆணை. அத்தானுக்கு என் வணக்கம், மருமக்களுக்கு என் ஆசி. உங்கள் மானத்தையும் சேர்த்து வாங்கின தம்பியை மன்னித்துவிடுங்கள்.

தலைகுனிந்து,
சண்முகலிங்கம்

பி.கு: கடிதத்தை மடிக்கிறேன், வாசலில் சம்பந்தியும் துவாரகாவும்! "எங்களுக்காக இவ்வளவு பாடுபட்ட மனுசனை ஏசிப்போட்டன்" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். பதிலுக்கு அவரும் எங்கட குடும்பத்தைத் தேடினாராம். மொன்றியலில் கந்தையா என்று பெயர் முடிகிற அவ்வளவு பேருக்கும், பிரிந்த சொந்தங்களே வருக என்று கலியாணக் கார்ட் அனுப்பிவிட்டார். ஒருத்தர் விடாமல் வருகிறார்களாம். "பிழையெண்டு நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ, அப்பா" என்று துவாரகா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா என்றாள் அக்கா! அதைக் கேட்ட பிறகு பிழையென்று சொல்ல மனம் வருமோ, நானும் சம்பந்தியைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டேன். ரிக்கெற்றை மாற்றாமல் வாருங்கோ. முன்வரிசையில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையைச் சம்பந்தி சிவராசாவுக்கு ஒதுக்கிவிட்டார், உங்கட கூடப்பிறந்த தம்பி என்று.