சுமைப் பதிவேட்டில் ஒரு வரி

மனித இனத்தின் வரலாற்றில் முக்கியமான நாட்கள் இரண்டே இரண்டு. ஒன்று, காட்டில் எவனோ கல்லோடு கல்லை உரசி நெருப்பு மூட்டிய நாள். மற்றது, மேலாளர் தம் வீட்டு மொட்டைமாடியில் எட்டுச் சூரியத் தகடுகளை வெயிலில் படுக்கவைத்து, அந்த நெருப்பைச் சமையலறையிலிருந்து வெளியேற்றிய நாள். முதல் நாளைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அன்று யாரும் பதிவேடு வைத்திருக்கவில்லை. இரண்டாம் நாளுக்குப் பதிவேடு இருக்கிறது. அட்டை போட்டது.

மேலாளர் ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது. “ஓய்வு கிடைச்சது ஆபீசுக்குத்தான்” என்பார் அவர் மனைவி. மேய்க்க ஆளில்லாமல் வாடிக் கிடந்தவருக்கு, மாடிப்படிக்கு அடியில் சுவரில் வந்து உட்கார்ந்த இன்வெர்ட்டரும், அதன் காலடியில் இரும்புப் பெட்டி மாதிரி வந்திறங்கிய பேட்டரியும் புது அலுவலகமாகவே ஆகிவிட்டன. பொருத்தி முடித்த எலக்ட்ரீஷியன், போகிற போக்கில் சமையலக்காவிடம் நாலு வார்த்தை சொன்னார்.

“அக்கா, இது மூவாயிரம் வாட்டுதான் தாங்கும். கரண்டு அடுப்பு ரெண்டாயிரம், கெட்டில் ஆயிரத்தைந்நூறு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டீங்கன்னா பொட்டுனு நின்னுடும். ஒண்ணு முடிச்சிட்டு ஒண்ணு போடுங்க. அவ்ளோதான்.”

அக்காவுக்கு உடனே புரிந்தது. இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகப் படியேறிப் பழகியவள். எது எவ்வளவு தாங்கும் என்பதை அவளுக்கு முழங்கால் சொல்லிக் கொடுத்திருந்தது.

மேலாளருக்கு நாலு வார்த்தை போதவில்லை. மறுநாளே ‘சுமைப் பதிவேடு’ பிறந்தது. கருவி, தொடங்கிய நேரம், சுமை, நின்ற நேரம், காரணம், அளித்த ஓய்வு, ஒப்பம் என்று ஏழு கட்டம். மிக்ஸியைச் சுற்றுமுன் எழுத வேண்டும், சுற்றிய பின்னும் எழுத வேண்டும், ஏன் நிறுத்தினாய் என்றும் எழுத வேண்டும். ‘அரைந்துவிட்டது’ என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ள மேலாளர் இரண்டு நாள் யோசித்தார். ஒவ்வொரு மாலையும் சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி ‘பார்த்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

ஒரே ஒரு இடைஞ்சல். அக்காவுக்கு எழுதத் தெரியாது.

மேலாளரின் பெருந்தன்மை இங்கேதான் தெரியும். பதிவேட்டில் கட்டம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காகவே, நாற்பத்தாறு வயதுப் பெண்மணியைத் தெருமுனை நூலகத்தின் மாலை வகுப்புக்கு அனுப்பினார். கல்விக்கு இதைவிட உயர்ந்த நோக்கம் இருக்க முடியுமா? மற்றவர்கள் ‘அம்மா’, ‘ஆடு’ என்று தொடங்க, அக்கா முதல் நாளே கேட்டாள்:

“டீச்சர், ‘மிக்ஸி’ எப்படி எழுதணும்?”

“அது பாடத்துல இல்லையேம்மா.”

“வீட்டுல இருக்கே டீச்சர்.”

எட்டு மாதத்தில் கெட்டில், ஓவன், அதிகச் சுமை எல்லாம் எழுதக் கைவந்தன. எழுத்தில் ஒரு கெடுதல் உண்டு; தெரிந்துவிட்டால் தேவையில்லாததையும் படிக்க வைக்கும். ஒருநாள் அக்கா பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைப் படித்துவிட்டாள். பெரிய மருத்துவமனைச் சமையலறைக்கு ஆள் தேவை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தேர்வு புதன்கிழமை மூன்று மணிக்கு. தாமதமாக வருவோருக்கு அனுமதி இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘மதியம் அரைமணி ஓய்வு உண்டு.’ அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள். எழுத்துக் கூட்டுவதில் ஏதாவது தப்பு செய்கிறோமோ என்று சந்தேகம்.

அரைமணி ஓய்வு என்பது அந்த வீட்டில் புதிதல்ல. அது இன்வெர்ட்டருக்கு உண்டு. சுமை கூடி அது முதல்முதலாக நின்ற அன்று மேலாளர் விளக்கப் புத்தகத்தைப் புரட்டினார். ‘30’ என்ற எண்ணைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, அரைமணி! புத்தகத்தை மூடிவிட்டார். எண்ணுக்குப் பின்னால் வருவதைப் படிப்பது மேலாளர்களின் வேலையல்ல. அன்று முதல் அது நின்றால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். மின்விசிறியும் நின்றுபோயிருக்குமாதலால், அக்கா ஓர் அட்டையை எடுத்து அரைமணி நேரம் அதற்கு விசிற வேண்டும். நின்றுகொண்டு.

“மெதுவா வீசும்மா. பாவம், காலையிலேருந்து உழைக்குது.”

புதன்கிழமை இரண்டு மணிக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டபோது மேலாளர் நெற்றியைச் சுருக்கினார். “புதனா? அன்னிக்குச் சூரிய மின் சங்கத்துலேருந்து எட்டுப் பேர் விருந்துக்கு வராங்களே! பேட்டரியைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“அவ போறதுக்கும் பேட்டரிக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார் மனைவி.

“எல்லாத்துக்கும் பேட்டரியோட சம்பந்தம் உண்டு” என்றார் மேலாளர். சங்கத்தின் முழக்கமே அதுதான். “சரி, காபி குடுத்ததும் போகட்டும்.”

புதன் காலை ஆறு மணிக்கே அக்கா வந்துவிட்டாள். பத்தரைக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது சங்கத் தலைவர் முன்கூட்டியே வந்தார். அவருக்கு வெந்நீரின் வேகத்தைக் காட்ட மேலாளர் கெட்டில் சுவிட்சைத் தட்டினார். கீ...ங் என்றது இன்வெர்ட்டர். நின்றது.

“பாத்தீங்களா சார்!” என்றார் மேலாளர் பெருமையாக. “தாங்க முடியலைன்னா சத்தம் போடும். அப்புறம் நின்னுடும். எவ்வளவு அறிவு பாருங்க!”

“மனுசனுக்கு வராத அறிவு சார்” என்றார் தலைவர்.

“அக்கா, அட்டை!” என்று குரல் கொடுத்துவிட்டு, தகடுகளைக் காட்ட மேலாளர் அவரை மாடிக்குக் கூட்டிப்போனார்.

அக்கா விசிறினாள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அரைமணி இங்கே போனால் இரண்டு மணிக்குக் கிளம்ப முடியாது. ஆணியில் தொங்கிய விளக்கப் புத்தகம் அட்டைக் காற்றில் பக்கம் பக்கமாகப் புரண்டது. ஒரு பக்கத்தில் ‘30’ இருந்தது. அக்கா விசிறுவதை நிறுத்தி, விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். ‘அதிகச் சுமையால் நின்றால், சுமையைக் குறைத்து, 30 நொ... டி... கழித்துப் பொத்தானை அழுத்தவும்.’

நொடி.

மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். நொடிதான். கெட்டிலைப் பிடுங்கிவிட்டு, ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணி, பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பதிவேட்டை எடுத்து ‘அளித்த ஓய்வு’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே எண்ணினாள். நாற்பத்தோரு அரைமணி. தோள்பட்டை வலி எங்கிருந்து வந்தது என்று இத்தனை மாதம் தெரியாமல் இருந்தது.

அப்புறம் ஒன்று முடித்து ஒன்று போட்டாள். சோறு, குழம்பு, இரண்டு காய். ஒரு மணிக்கு விருந்து தயார்.

“சார், இந்தச் சோத்துல வெயில் வாசம் வருது” என்றார் ஒருவர்.

“கருகின வாசம் சார்” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அதுவும் வெயிலாலதானே!”

மணி ஒன்றே முக்கால். கடைசியாக ஓவனில் ஏறிய கேக் முக்கால்வாசி வெந்திருந்தது. அது வெந்து இறங்கியதும் கெட்டிலில் தண்ணீர், காபி, பிறகு தேர்வு என்று அக்கா வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். மேலாளர் உற்சாகமாக எழுந்து வந்து, “ஓவனும் கெட்டிலும் சேர்ந்து ஓடுறதை எல்லாரும் பாக்கணும்” என்று கெட்டிலையும் தட்டினார்.

கீ...ங்.

“அரைமணி ஓய்வு!” என்று மேலாளர் அறிவித்தார். எட்டுப் பேரும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினார்கள். “அக்கா, அட்டையை எடும்மா.”

“அரைமணி இல்லைங்க ஐயா. முப்பது நொடி. புத்தகத்துல போட்டிருக்கு.”

“யார் சொன்னது?”

“படிச்சேன்.”

மேலாளர் சிரித்தார். “நீ படிச்சியா?”

“நீங்கதானே ஐயா அனுப்புனீங்க.”

மேலாளர் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்பளித்தார்: “அச்சுப் பிழை.”

“மூணு மணிக்குத் தேர்வுங்க ஐயா. இப்பப் போனாத்தான் பஸ் கிடைக்கும்.”

“தேர்வு அடுத்த வருசமும் வரும். மெஷின் போனா வருமா? வீசு.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி, அக்காவின் கையிலிருந்த அட்டையைத் தாமே வாங்கிக்கொண்டார். “நீ போ” என்றார் மெதுவாக. “எழுத வேண்டியதை எழுதி வச்சிட்டுப் போ. இல்லைன்னா அதுக்கு வேற கத்துவார்.”

அக்கா எழுதினாள். எழுத்துக்கு எழுத்து நிதானமாக. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடும்போது, உள்ளே சங்கத் தலைவர் பதிவேட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

“இப்படியொரு ஆவணத்தை நான் பார்த்ததே இல்லை! வாசிக்கிறேன், எல்லாரும் கேளுங்க. ‘கருவி: கரண்டு அடுப்பு.’ அருமை. ‘கருவி: கெட்டில்.’ ஆகா. அடுத்தது... ‘கருவி: நான். தொடங்கிய நேரம்: காலை ஆறு. சுமை: எட்டுப் பேர். நின்ற நேரம்: ஒண்ணு அம்பதுக்கு நிண்றது. காரணம்: அதிகச் சுமை. அளித்த ஓய்வு...’”

அவர் நிறுத்தினார்.

“அளித்த ஓய்வு?” என்றார் ஒருவர்.

“அந்தக் கட்டம் காலியா இருக்கு.”

அட்டை சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். எட்டுப் பேரும் மேலாளரையே பார்த்தார்கள்.

மேலாளர் பதற்றம் இல்லாமல் பதிவேட்டை வாங்கினார். தம் காலத்தில் ஒரு வரியைக்கூடப் பார்வையிடாமல் விட்டவரல்ல அவர். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘நிண்றது’ என்பதை அடித்து ‘நின்றது’ என்று திருத்தினார். பிறகு அந்த வரிக்கு நேரே, நாற்பது வருடத்துக் கைப்பழக்கத்தோடு, ‘பார்த்தேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.