பதின்மூன்று வரிசையும் உன் இடது குதிகாலும்

மொம்பாசாவில் மகன் ஒபுராவின் வீட்டில் இருக்கும் எங்கள் வளவின் தலைமகன், அண்ணன் ஒக்வேனோவுக்கு, ஏரிக்கரையிலிருந்து தம்பி ரபுவோர் சொல்லச் சொல்ல, சந்தைத் தையல்காரன் சாதோக் எழுதும் கடிதம்.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்காலையும் சிவப்புப் பசுவையும் நம் கடைசித் தம்பி மகாக்கின் கூரையையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் முழுச் சுகம். உன் சுகத்தைக் கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். மூத்தவருக்கு எழுதும்போது 'நீங்கள்' போடவேண்டும் என்று சாதோக் நச்சரிக்கிறான். எழுபத்து நாலு வருஷமாக வாயில் வராத சொல், தையல் மெஷின்மேல் காகிதத்தை வைத்ததும் எப்படி வரும்? 'நீ' என்றே போடச் சொல்லிவிட்டேன். கோபமாக எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே போடச் சொன்னேன். போட்டானா என்று எனக்குத் தெரியாது, எழுத்துதான் எனக்கு வராதே. ஒபுரா வாசிக்கும்போது நீயே தெரிந்துகொள்.

மழை வந்து இன்றோடு இருபது நாள். அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. என் வீட்டுக்காரி அவிதி சுவருக்குச் சாணி மெழுகினாள், குதிரின் கூரையைக் கழற்றிக் காயவைத்தாள், விதை மக்காச்சோளத்தைச் சாம்பலிலிருந்து எடுத்துப் புடைத்தாள், பால் குடுக்கைகளுக்கெல்லாம் புகை போட்டாள், நடுவில் என்னையும் நாலு வார்த்தை திட்டினாள். நானும் மகாக்கும் மூன்று வீட்டு நிலத்தையும் இரண்டு முறை உழுதோம். ஆனால் விதை? மூத்தவன் நீ முதல் விதை போடாமல் நான் போட முடியாது, நான் போடாமல் மகாக் போட முடியாது. வெட்டுக்கிளி வந்ததற்கு மறு வருஷம் நம் சித்தப்பா அப்பாவை முந்திக்கொண்டு ஒரு கை கேழ்வரகு தூவினாரே, நினைவிருக்கிறதா? விளைச்சல் இடுப்பளவு வந்தது. தின்னத்தான் அந்த வீட்டில் ஆள் மிஞ்சவில்லை. அவர் வீடு இருந்த மேட்டில் இன்றைக்கும் ஆடு வாய் வைக்காது.

வருஷா வருஷம் நீ முதல் மழைக்கு முன் பஸ்ஸில் வந்து இறங்குவாய், செத்துப்போன அண்ணியின் பூட்டிய வீட்டைத் திறப்பாய், அவள் நிலத்தில் முதல் வரிசை போடுவாய், எங்கள் டீயைக் குடித்துக் குறை சொல்வாய், இருபத்திரண்டு வரிசையும் முடிந்ததும் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போவாய். இந்த வருஷம் ஆளும் இல்லை, ஒரு வரித் தகவலும் இல்லை. பிணம் வந்துசேராத சாவுவீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல, நனைந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்திருந்தோம்.

எட்டாம் நாள் காலை ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. அது விலகுகிற நேரம், தண்ணீருக்குப் போன மகாக்கின் பெண்டாட்டி அலூ குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மாமா! செத்துப்போன பெரியக்கா நெலத்துல யாரோ வெதச்சிருக்காங்க!"

"கோழி கெளறியிருக்கும்."

"கோழி வரிசை புடிச்சா கெளறும்? வந்து பாருங்க மாமா!"

போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வரிசை, கயிறு கட்டிப் போட்டதுபோல நேராக. ஒரு குழியைக் கிளறினேன். மூன்று மக்காச்சோளம், ஒரு பீன்ஸ். மூடிய மண்ணில் இடது குதிகாலின் அழுத்தம். பக்கத்தில் வலது கால் இழுபட்ட கோடு. வரிசை முடிகிற இடத்தில் ஒரு கூழாங்கல். அண்ணா, இந்த ஏரியைச் சுற்றி இப்படி விதைக்கிறவன் ஒருத்தன்தான். வெள்ளம் சந்தைப் பாலத்தைக் கொண்டுபோன வருஷம், ஒரு புதன்கிழமை, சாம்பல் காளை உன் வலது கால்மேல் ஏறியது. நீ அப்பாவின் காக்கிச் சட்டை போட்டிருந்தாய், மூன்றாம் பொத்தான் இல்லை. அன்றிலிருந்து நீ இடது குதிகாலால்தான் குழி மூடுகிறாய்.

இதைச் சொன்னால் வீட்டில் யார் கேட்கிறார்கள்? அவர்கள் கண்ணுக்கு அது என் கால்.

"அண்ணே, நீதான் அவசரப்பட்டுப் போட்டுட்டு மறந்துட்டே" என்கிறான் மகாக்.

மறந்துட்டேனாம்! நானா! "டேய், ஒன் தொப்புள்கொடிய எந்த மரத்தடியில பொதச்சாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்டா!"

"அதெல்லாம் சரி. நேத்து கையில தடிய வெச்சுக்கிட்டே வளவு பூரா தடிய தேடினியே, அது யாரு?"

நான் உன்னை முந்தியிருந்தால் சித்தப்பா வீட்டுக்கு வந்தது நமக்கும் வரும் என்று அலூ அழத் தொடங்கிவிட்டாள். மகாக் ஒரு கற்றாழை நாரை எடுத்துக்கொண்டு வளவில் இருக்கிற எல்லோருடைய குதிகாலையும் அளந்தான். அவிதியின் காலை அளந்தபோது அவள் விட்ட உதையில் நார் அறுந்து, வேறு நார் எடுத்தான். என் குதிகால் தடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரு தாய் வயிற்றில் பிறந்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? வலது கால் இழுக்கிறதா பார்ப்போம் என்று என்னை முற்றத்தில் மேலும் கீழும் நடக்கவிட்டார்கள், கோழிகள்கூட நின்று பார்த்தன. இந்தப் பாழாய்ப்போன முழங்கால் அன்றைக்கென்று பார்த்து இழுத்தது.

மறுநாள் மூடுபனிக்குப் பிறகு இரண்டாம் வரிசை. அதற்கு மறுநாள் மூன்றாவது. நான்காவது போட்ட நாள் விவசாய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். அளவுகோலை வைத்துப் பார்த்து ஆளே பூரித்துப்போனார்.

"எழுவத்தஞ்சு சென்டிமீட்டர்! ஒரு நூல் தப்பல! யாருங்க போட்டது? கண்காட்சியில பரிசு குடுக்கணும், கூப்பிடுங்க அவர."

மகாக் வானத்தைப் பார்த்தான். அலூ தரையைப் பார்த்தாள். "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லி உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அன்று மாலை சர்ச் உபதேசியார் வந்து இது தேவதூதன் வேலை என்றார். "தேவதூதருக்குக் கால் ஊனமா உபதேசியாரே?" என்று அலூ கேட்டதில் அவர் கூழ்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இன்னொன்று சொல்லவேண்டும், சாதோக் எழுத மறுக்கிறான், எழுதுடா என்று மிரட்டி எழுதவைக்கிறேன். அண்ணி வீட்டுப் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. சாவி உன் கழுத்தில். கதவுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உன் மண்வெட்டி அதே ஆணியில் தொங்குகிறது. அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஈரக் கரிசல் மண் அப்பியிருக்கிறது. தரையில் ஒரு வருஷத்துத் தூசி, அதில் ஒரு எறும்பு நடந்த தடம்கூட இல்லை. கூரை ஒழுகுகிறது என்று அவிதியிடம் சொன்னேன். "கூர ஒழுகுனா மண்வெட்டிக்கு மட்டுமா ஒழுகும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. கல்யாணமாகி ஐம்பத்தொரு வருஷத்தில் அது முதல் தடவை.

ஆறாம் வரிசை நாள் விடிந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நிலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மூடுபனி வந்து என் கால் எனக்கே தெரியாமல் மூடியது. சற்று நேரத்தில் மண்வெட்டிச் சத்தம், டொக், டொக். அப்புறம் இருமல். நாலு தரம் இருமி ஐந்தாவதை விழுங்குவாயே, அந்த இருமல்.

"அண்ணா, நீயா?"

மண்வெட்டி நின்றது. பிறகு மறுபடி டொக், டொக். வரிசை முடியாமல் நீ யாருக்கும் வாய் திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், காத்திருந்தேன். கடைசியில் கூழாங்கல் மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது. பனி விலகியது. வெட்டிய மண் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது, மனுஷனைக் காணோம். கூடப்பிறந்தவன் ஈர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், 'எப்படிடா இருக்கே' என்று ஒரு சொல் இல்லையே அண்ணா! இது என்ன பழக்கம்?

மறுநாளிலிருந்து அவிதி நிலத்து ஓரத்தில் ஒரு கோப்பை டீ வைக்கிறாள். பனி விலகியதும் பார்த்தால் கோப்பை கவிழ்ந்திருக்கும், பாதி டீ மண்ணில் கொட்டிக் கிடக்கும். நாலு கரண்டி சர்க்கரை இல்லாவிட்டால் நீ பாதியைக் கொட்டுவாய் என்று எனக்குத் தெரியாதா? கடையில் சர்க்கரை கிடைக்காத காலம் இது, இரண்டு கரண்டிதான் போடமுடியும், குடித்துப் பழகு.

பத்தாம் வரிசையிலிருந்து நீ புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறாய். வரிசை முடிந்தபிறகு உன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவில் எல்லையாக இருக்கிற கள்ளியின் அருகே வந்து நிற்கிறாய். இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், விரல்கள் என் வீட்டுப் பக்கம், மண் கணுக்கால் ஆழம் அமுங்கியிருக்கிறது. அவ்வளவு நேரம் நின்று என்ன அளக்கிறாய்? எனக்குத் தெரியும். அண்ணி செத்த அன்றுகூட நீ அதைத்தான் கேட்டாய். இப்போதும் சொல்கிறேன், அம்மா மேல் ஆணையாக நான் அந்தக் கள்ளியை நகர்த்தவில்லை. கள்ளி அங்கேதான் இருந்தது. அதற்குக் கால் முளைத்து நடந்திருந்தால் அதைக் கேள்.

நீ ரகசியமாக வந்து எங்கோ ஒளிந்துகொண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். பஸ் கண்டக்டர் உன்னை ஏற்றவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற தங்கை வீட்டிலும் நீ இல்லை. எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள். மொம்பாசாவில் இருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறு. இங்கேயே இருந்தால் பனியைவிட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று 'இது என் கைவிதை' என்று சொல். நீ சொல்லும்வரை மகாக் விதைக்கூடையைத் தொடமாட்டான். கூடையிலேயே விதை முளைவிடுகிறது. ஆகஸ்டில் இந்த வளவில் பதினாலு வாய் கூழுக்குக் காத்திருக்கும். இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரே வரிசை என்பது ஒரு வேகமா? பதின்மூன்று முடிந்திருக்கிறது, மிச்சம் ஒன்பது. மழை உனக்காக நிற்காது. இரண்டே நாளில் முடித்துத் தள்ளு.

ஒபுராவுக்கும் அவன் மனைவிக்கும் எங்கள் எல்லோருடைய விசாரிப்பு. உன் கூரை ஒழுகாதிருக்கட்டும், உன் குடம் வற்றாதிருக்கட்டும், ஈரத்தில் உன் கால் வழுக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு, கோபத்தோடு,
தம்பி ரபுவோர், கைநாட்டு.

பின்குறிப்பு: அண்ணா, சாதோக் உறையை ஒட்டப் போனான், கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். கடிதம் கொண்டுபோகிற பஸ்ஸிலேயே ஒபுராவின் கடிதம் வந்தது. சாதோக் இரண்டு தரம் வாசித்தான். இரண்டாம் தரம் வாசிக்கும்போது கையில் இருந்த ஊசியைக் கீழே போட்டான், இன்னும் தேடுகிறான்.

முதல் மழை பெய்த அன்று நீ விழுந்தாயாம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடக்கிறாயாம், எழுந்து உட்காரக்கூட முடியவில்லையாம். கழுத்துச் சாவியை மட்டும் யாரையும் தொடவிடுவதில்லையாம். தினமும் காலையில் நர்ஸுகள் உன் காலைத் துடைக்கிறார்களாம். "அப்பா கால்ல எங்கேந்துப்பா கரிசல் மண்ணு? நம்ம ஊர்ல மணல்தானே?" என்று ஒபுராவைத் திட்டுகிறார்களாம். டீ கொடுத்தால் "இங்கயாவது நாலு கரண்டி போடுங்க, அவிதிக்கு வரவரக் கை சுருங்கிப்போச்சு" என்கிறாயாம். நாளுக்கு நாள் இளைக்கிறாயாம். வாய் திறந்தால், "இன்னும் எத்தன வரிசை? முடிச்சிட்டா நான் தூங்கிருவேன்" என்று மட்டும் சொல்கிறாயாம். என்ன வரிசை என்று ஒபுராவுக்குப் புரியவில்லை. அவனுக்கு நீ சொல்லாதே.

மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு என்று சாதோக்கிடம் சொன்னேன், காகிதம் கிழியும் என்கிறான். நீயே மனசில் அடித்துக்கொள். பஸ் ஏற வேண்டாம், நீதான் தினமும் வந்துகொண்டிருக்கிறாயே. வெளியே வந்து சொல்லவும் வேண்டாம். மகாக்குக்கு வாசித்துக் காட்டியாயிற்று, என் காலைத் தொட்டுவிட்டு விதைக்கூடையை எடுக்கப் போனான். இனி எங்களுக்கு அவசரம் இல்லை, உனக்கும் இருக்கக்கூடாது.

கள்ளியை நகர்த்தினது நான்தான். நீ முதல் தடவை மொம்பாசா ரயில் ஏறினதற்கு மறு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அம்மா மேல் போட்ட ஆணையை அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். அது ஏழு வரிசை நிலம். உன்னுடையது. கள்ளியை இன்று சாயங்காலமே பிடுங்கிவிடுகிறேன், நாளைக்கு மகாக் அதை உழுகிறான். அதற்கடுத்து ஓடை வரைக்கும் தரிசு கிடக்கிறது, அதையும் உழச் சொல்லியிருக்கிறேன். அது தீர்ந்தால் என் நிலம் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு வரிசைக்கு மேல் போடாதே. அரை வரிசை போதும். மழை பெய்தால் பெய்யட்டும், நீ மெதுவாக வா. டீயில் நாலு கரண்டி போடச் சொல்லிவிட்டேன்.