வாசற்படி இல்லாமல் ராத்தங்க ஓர் இடம்

வேப்பந்தட்டை,
6.5.1979

மரியாதைக்குரிய சின்ன மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் அவர்களுக்கு, மாமனார் நல்லுசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். செந்துறையில் தாங்களும் தங்கள் தாய் தந்தையரும் சைக்கிள் கடையும் நலமா என்று கேட்பதும் முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்குக் கிழக்கே மீன் பிடிக்கக் கல்லேரியை அழிக்கிறார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, விரால் எல்லாம் சேற்றில் புரளுகிறது என்று கேள்வி. விடியும் நேரத்தில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் யார் வேண்டுமானாலும் ஊத்தாக் கூடையோடு இறங்கலாம். முதல் பஸ் பிடித்து வருகிறவனுக்குச் சேறுதான் மிஞ்சும். ஆகவே சனிக்கிழமையே போய் ராத்தங்கியாக வேண்டும். தாங்கள் வருகிறீர்கள். வர முடியுமா என்று கேட்கவில்லை, வருகிறீர்கள்.

பொங்கல் விருந்தில் நடந்ததை நான் கிளற விரும்பவில்லை. விராலைப் பிடித்தவர் தாங்கள். அதன் தலை தங்கள் இலைக்கு வந்திருக்க வேண்டும். அது பெரிய மாப்பிள்ளை குருநாதன் இலைக்குப் போனது. பரிமாறியது தங்கள் மாமியார், நான் அல்ல. "இனிமே உங்க வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று தாங்கள் எழுந்தீர்கள். "மீன் தலைக்காவ எந்திரிக்கிறவரு பின்னாடி நான் வர மாட்டேன்" என்று என் மகள் தனம் இங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று உட்கார்ந்தவள்தான், இன்னும் எழவில்லை. ஆண்பிள்ளை சொன்ன சொல்லை மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாங்கள் சொன்னது எங்கள் வீட்டு வாசற்படியை. ஏரிக்கரையைப் பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தாங்கள் அங்கே வாருங்கள், தனம் சோறு கொண்டுவருவாள், மீதியை மீன் பார்த்துக்கொள்ளும். இதுதான் என் திட்டம்.

தங்குவதற்கு இடம் பார்க்க நானே அரியலூர் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜ். மாடியில் ரூம், மின்விசிறி சுற்றுகிறது, எனக்குப் பிடித்திருந்தது. மேனேஜர் என் கையிலிருந்த ஊத்தாவைப் பார்த்தார். "ஆளு தங்கலாங்க, அது தங்கக் கூடாது" என்றார். போன வருஷம் யாரோ உயிர் விராலை வாளியில் போட்டுக் குளியலறையில் வைத்தாராம், அது துள்ளி வெளியே வந்ததாம், இருட்டில் அதை மிதித்த ஜவுளி வியாபாரி பாம்பு என்று நினைத்து ஓடியவர் ஓடியவர்தானாம். "அந்தாளு வேட்டி இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு, பாக்கறீங்களா?" என்றார். பார்க்கவில்லை. அங்கிருந்து ஏரிக்கரை பங்களாவுக்கு நடந்தேன். வாட்ச்மேன் நல்ல மனிதர், எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, அன்றைக்கு யாரோ பெரிய ஆபீசர் குடும்பத்தோடு மீன் பிடிக்க வருவதாகச் சொல்லி மறுபடி படுத்துக்கொண்டார். கல்லேரியிலேயே தங்கள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி நடராசன் வீடு இருக்கிறது. சொந்தக்காரன் வீட்டை விட்டு வேறு இடத்தில் தங்கினால் அது பகையாகிவிடும் என்று அங்கேயும் போனேன். "தாராளமா வாங்க மாமா, பெரிய மாப்புள குருநாதனும் அன்னைக்கு இங்கதான் தங்கறாரு" என்றான் நடராசன். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மூன்றும் போனால் போகட்டும். தார்ப்பாய் கட்டிக் கொட்டகை போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதற்கு வாசற்படியே கிடையாது, தங்கள் சொல்லுக்கும் பங்கம் வராது. லாரிக்காரரிடம் தார்ப்பாய் வாங்கி, பரீட்சித்துப் பார்க்க எங்கள் வீட்டு முன்னால் கட்டினேன். வெயில் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு பெஞ்சைப் போட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். கொட்டகையின் குளிர்ச்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், அப்படியே தூங்கிவிட்டேன். கல்யாணம் இல்லாத வீட்டில் திடீரென்று தார்ப்பாயும் பெஞ்சும் கண்டால் ஊர் என்ன நினைக்கும்? எதிர்வீட்டுப் பொன்னாயி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். நான் விழித்தபோது வாலிகண்டபுரத்து அக்கா ரெங்கம்மாள் தெருமுனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். "ஏன்டா, வந்த பஸ்ஸு திரும்பிப் போயிருச்சே, மொதல்லயே சொல்லப்படாதா?" என்று என்னைத்தான் திட்டியது. பெரம்பலூரிலிருந்து குருநாதன் ரோஜா மாலையோடு வந்தார். போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், மாலையைக் கையில் பிடித்துக்கொண்டே மோர் குடித்துவிட்டுப் போனார்.

தனம் விழுந்து விழுந்து சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்தவள் கொல்லைப்பக்கம் போய் அழுதாள். "எழவுன்னு கேட்டு ஊரே வந்துச்சு, அவங்க வரலையே" என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். செந்துறைக்கு யாரும் சேதி அனுப்பவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. எனக்கு வயிறு எரிகிறது, மாப்பிள்ளை. இதை ஒளிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் கொட்டகைதான், மாற்றமில்லை. காற்றடித்தாலும் கட்டுவேன், மழை பெய்தாலும் கட்டுவேன். சனிக்கிழமை சாயங்காலம் கல்லேரி மதகடியில் காத்திருப்பேன். பிடிக்கிற மீன் எதுவானாலும் தலை தங்கள் இலைக்குத்தான், இந்த முறை நானே பரிமாறுகிறேன். சம்பந்தி இருவருக்கும் எங்கள் கும்பிடு. தாங்கள் ஆலமரமாய்த் தழைத்து, கோபதாபம் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்,
வே. நல்லுசாமி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதைத் தனம் வாங்கிப் படித்துவிட்டாள். "கொட்டாயெல்லாம் யாரு கட்டச் சொன்னா? அவங்கதான் நம்ம வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னாங்க. அவங்க வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நான் எப்பப்பா சொன்னேன்?" என்கிறாள். துணிப்பையோடு கிளம்பி நிற்கிறாள். என்னைக் கூட வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அதனால் தபால் தலை ஒட்டவில்லை, கடிதத்தை அவளே கொண்டுவருகிறாள். தாங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் இவ்வளவு நேரமும் அவள் வெளியில்தான் நிற்கிறாள். முதலில் உள்ளே கூப்பிடுங்கள், மாப்பிள்ளை.