மூன்றாம் பக்கத்து வேந்தன் முதலிடம் கொண்ட கதை

வாழ்க குறடேந்திய கொற்றவன்! முழங்கையளவு கழிநீரில் கைவிட்டும் முகஞ்சுளியாத செம்மல், இருபதாண்டுச் சாக்கடைச் சமர்களில் ஒன்றிலேனும் புறமுதுகிடாத அடைப்பறுத்த பெருமான், அந்தக் குழாய்க்காரன் புகழ் பாடுவோம். அவன் வலைத்தளமோ, தேடுபொறியின் மூன்றாம் பக்கமென்னும் மனிதக் காலடி படாப் பாலையில், எப்போதோ கடையை மூடிவிட்டுப் போனவர்களின் விளம்பரங்களுக்கு நடுவே நாதியற்றுக் கிடந்தது.

முதலிட அரியணையிலோ பரமவைரியாகிய 'மின்னல் குழாய்ப்பணி' கால்மேல் கால் போட்டு வீற்றிருந்தது. ஒரு வாஷரை ஒழுங்காக மாட்டத் தெரியாத பயல் முதலிடத்தில்! நினைக்க நினைக்க வீரனுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அமைச்சனாய் வந்து வாய்த்தான் மனைவியின் தம்பி, கணினி கற்ற கள்ளச்சாணக்கியன். மாமனின் வலைத்தளத்து வெண்பக்கத்தின் அடியில், வெள்ளை எழுத்தில், 'மின்னல் குழாய்ப்பணி' என்று தொள்ளாயிரம் முறை பொறித்தான்.

"மின்னலை எவன் தேடினாலும் நம்ம வாசல்ல வந்து விழுவான் மாமா."

"கண்ணுக்கே தெரியலையேடா?"

"தெரிஞ்சாதான் மாமா திருட்டு. தெரியலைன்னா தொழில்நுட்பம்."

பனிமூட்டத்துள் பதுங்கிய பெரும்படைபோல் அவ்வெண்சேனை காத்துக் கிடக்க, உலகையே அளக்கும் ஆயிரங்கண் தேடுபொறி வந்து, எழுத்தெண்ணி, ஏமாந்து, எட்டாம் நாள் நம் வீரனை முதலிடத்தில் ஏற்றி முடிசூட்டியது. கவிழ்த்த வாளியின்மேல் ஏறி நின்று அவன் முழங்கினான்:

"இனிமே இந்த ஊர்த் தண்ணி என்னைக் கேட்டுத்தான் ஓடும்!"

உடனே போர்முரசென அதிர்ந்தது கைப்பேசி. வெற்றியின் முதல் திறை! யார் எண்ணென்றும் பாராமல் மீசையை நீவிக்கொண்டு எடுத்தான்.

"யாருப்பா, மின்னலா? நேத்து நீ மாட்டிட்டுப் போன குழாய் பீச்சியடிக்குது. சமையக்கட்டு பூராத் தண்ணி. வந்து பாக்கறியா, இல்ல நாலு பேரைக் கூட்டிட்டு உன் கடைக்கு வரட்டுமா?"

வேந்தன் மீசையிலிருந்து கையை எடுத்தான். அக்குரல், அமைச்சனையும் அரசியையும் பெற்றெடுத்த பெருந்தாயின் குரல்.

"அத்தே... நான்தான்."



"மாப்பிள்ளையா? நாலு மாசமா வந்து பாருங்கன்னேன், வந்தீங்களா? அதான் மின்னலைக் கூப்பிட்டேன். உங்க பேரைத் தட்டினா நீங்க வர்றதில்ல, அவன் பேரைத் தட்டினா மட்டும் வந்து நிக்கிறீங்க!"

அரியணை அதிர்ந்தது, வெண்கொற்றக்குடை மடங்கியது, தொள்ளாயிரம் வெண்வீரரும் வாளைக் கீழே போட்டனர்.

குழாய்க்காரர் ஒரு வாஷரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார்.